சேலம், ஏற்காடு பக்கம் வீட்டுக்கு ஃபைபர் இண்டர்நெட் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நாகலூர், ஏற்காடு

ஃபைபர் கம்பெனி ஒன்றில் ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்றார்கள், கட்டிவிட்டேன். எங்கள் ஊர் கேபிள் தம்பியும் ஃபைபர் கொடுக்கிறார், மாதம் 100 ரூபாய் கூட. "அக்கா, லைன் அறுந்தா யாரு வருவாங்கன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிசினஸ் போகிற ஆதங்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் மழையில் எஸ்டேட் ரோட்டில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து விழுந்து, எல்லார் கேபிளையும் இழுத்துக்கொண்டு போனது. மோடத்தில் லைன் அறுந்ததைக் காட்டும் எல்ஓஎஸ் லைட் சிவப்பு. மறுநாள் காலை 10 மணிக்கு மகளுக்கு ஆன்லைனில் இண்டர்வியூ. கஸ்டமர் கேரில் 48 மணி நேரம் என்றார்கள். ஆள் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். எங்கள் பள்ளத்தில் மொபைல் சிக்னல் ஒரு கோடு. அதை வைத்தே உட்கார்ந்தாள். ஏழு நிமிஷம் ஓடியது, அப்புறம் எதிரே பேசியவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. இஸ்திரி போட்ட சுடிதாரோடு அந்தச் சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லம்மா" என்றாள். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. கேபிள் தம்பி தன் லைனுக்கு, மேலே ஒருவர் குடை பிடிக்க ரோட்டோரம் உட்கார்ந்தே, மதியத்துக்குள் ஜாயின்ட் போட்டுவிட்டார்.

அழகாபுரம்

அக்கா வருத்தம் புரிகிறது. ஆனால் லோக்கல் ஆள் என்றாலே நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். நான் லோக்கல் ஆளிடம்தான் எடுத்தேன். கூப்பிட்டால் அரை மணியில் வருவார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி 8 மணிக்கு மேல் சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு அப்பா பேச உட்கார்ந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். வந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார், 100 எம்பிபிஎஸ் வந்தது. டெஸ்ட் செய்கிற சர்வரே அவர் நெட்வொர்க்குக்குள் இருந்தது! வெளியூர் சர்வரை மாற்றி நானே போட்டேன், 6. அப்பா ஃபோனைக் காதோரம் வைத்து, "முகம் வேண்டாம்டா, குரல் கேட்டாப் போதும்" என்றார். ஆள் பக்கத்தில் இருந்தால் போதுமா? அவர் மேலே பெரிய கம்பெனியிடம் வாங்கும் பேண்ட்வித் (மொத்த நெட் கொள்ளளவு) பத்தவில்லை என்றால் அவர் நல்லவராக இருந்தும் பயனில்லை.

செவ்வாய்ப்பேட்டை

கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மேலே வீடு. ஃபைபருக்கு மாறியதும் வேகம் பிரமாதம். மதுரையில் மச்சினன் கல்யாணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, பட்டறைக் கேமரா வெளியிலிருந்து திறக்கவில்லை. எல்லோரும் அட்சதை போடுகிறார்கள், நான் மொபைலில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தாலி கட்டினதைப் பார்க்கவே இல்லை. அப்புறம்தான் விசாரித்தேன். ஒரே பப்ளிக் ஐபியை, அதாவது வெளியிலிருந்து நம்மைத் தேடி வரும் நெட் முகவரியை, நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்களாம். என்னுடையது பழைய டிவிஆர் (கேமரா ரெக்கார்டர்), அதனால் உள்ளே போக வழியில்லை. எனக்கே எனக்கான மாறாத முகவரி, ஸ்டேட்டிக் ஐபிக்குத் தனியாகப் பணம் கட்டிய பிறகு சரியானது. சேரும்போது ஆர்டர் எடுத்த ஆளிடம் கேமரா இருப்பதைச் சொன்னேன், தலையை ஆட்டினார்.

சூரமங்கலம்

என் கதை சின்னது. வீடு மாறியபோது மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்காததால் டெபாசிட் வர நாலு மாதம் ஆனது.

புதிதாக எடுப்பவர்களுக்குச் சிலது சொல்கிறேன். பிளான் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், 599 என்றால் கையை விட்டுப் போவது 707. 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தாலும் எத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்று கேளுங்கள், பல பிளான்களில் அது மாதம் 3,300 ஜிபி. 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அப்லோடு வேகத்தைத் தனியாகக் கேளுங்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். லைன் போடும் நாளில் பவர் மீட்டர் வைத்து எவ்வளவு லைட் வருகிறது என்று எழுதி வாங்குங்கள். டிபிஎம் அளவில் மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி, மைனஸ் 27-ஐ ஒட்டி இருந்தால் சின்ன மடிப்பு விழுந்தாலும் கட்டாகும். மோடத்தை பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் தடிச் சுவரைத் தாண்டத் திணறும். நம் பழைய வீட்டுச் சுவர்களுக்கு 2.4 தான் உள் அறை வரை வரும். மாதாந்திர மின்தடைக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் போனாலும் நெட் ஓடும், அவர்கள் பக்கமும் பேட்டரி இருந்தால். மொத்தமாக வருடத்துக்குக் கட்டவே கட்டாதீர்கள், முதல் மழை வரை பாருங்கள். நாகலூர் அக்காவும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அழகாபுரம்

சூரமங்கலம் சார், நடந்து முடிந்த பிறகு அவரிடம் 'செய்திருக்க வேண்டும்' என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? மற்றதெல்லாம் சரி.

மஞ்சக்குட்டை

எங்கள் தெருவுக்கு ஃபைபரே வரவில்லை. கம்பி இல்லாத ஏர்ஃபைபர் எடுத்தோம், மாடியில் ஆன்டெனா. வைக்க வந்த பையன் நல்ல பையன், டவர் திசை கிடைக்காமல் மூன்று மணி நேரம் மாடியில் சுற்றினான். நடுவில் ஒரு கரடு (சின்னக் குன்று) மறைக்கிறது. கடைசியில் தண்ணீர் டேங்குக்கு மேல் ஏறி நின்று, "அண்ணா, இங்க மட்டும் வருதுங்க!" என்று கத்தினான். இன்றைக்கும் அங்கேதான் கட்டி வைத்திருக்கிறோம். மலைமேல் வீடு என்றால் முதலில் மாடி ஏறி டவர் தெரிகிறதா என்று பாருங்கள்.

நாகலூர், ஏற்காடு

சூரமங்கலம் சார் சொன்னது எனக்கு வலிக்கவில்லை, உண்மைதான். மிச்ச மாதப் பணம் போனால் போகட்டும் என்று தம்பியிடமே மாறிவிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னால், "பாப்பா இண்டர்வியூ என்னிக்குன்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றார். நேற்று வேறொரு கம்பெனியில் இருந்தது. காலை 9 மணிக்கே வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார், மைனஸ் 21. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் காபி குடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மகள் உள்ளே இருந்து கேட்டாள், "அம்மா, லைட் பச்சைதானே?"