பைத்தான் 2லிருந்து 3க்கு மாற்றினேன், கிலோ கணக்கு உதைக்கிறது. யாராவது உதவுங்கள்

வணக்கம் மக்களே. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமா கமிஷன் கடை வைத்திருக்கிறார், அங்கே பில் போடுகிற புரோகிராம் பைத்தான் 2இல் எழுதியது (அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்த கதையெல்லாம் அவருக்கு எதற்கு). பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் இப்போது வேலை என் தலையில்.

புது லேப்டாப்பில் பைத்தான் 3.13 போட்டுவிட்டு, பழைய புரோகிராமை 3க்கு ஏற்றபடி மாற்றித் தருகிற '2டு3' கருவியைத் தேடினால் காணோம், அந்தப் பதிப்பில் தூக்கிவிட்டார்கள். சரி என்று 3.12 ஏற்றி, முதலில் வெறுமனே ஓட்டி மாற்றங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் டபிள்யூ ஆப்ஷன் கொடுத்து ஃபைலிலேயே எழுத வைத்தேன். பிரின்ட், ரா இன்புட் எல்லாம் அழகாக மாறிவிட்டன.

சிக்கல் வகுத்தலில். 2750 கிராமை ஆயிரத்தால் வகுத்துக் கிலோவையும் மீதியையும் போடுகிற வரி, முன்பு '2 கிலோ 750 கிராம்' என்று காட்டியது, இப்போது '2.75 கிலோ 750 கிராம்' என்கிறது! முகூர்த்த நாளில் மல்லி விற்கிற விலைக்கு இப்படி ஒரு பில் போனால் மாமா என்னைக் கடைக்குள்ளேயே விடமாட்டார். அந்தக் கருவி வகுத்தல் குறியைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

பழைய புரோகிராமை பைத்தான் 2.7இல் 'மைனஸ் 3' ஆப்ஷனோடு ஓட்டினால் இந்த மாதிரி வகுத்தலை எச்சரிக்கிறது, ஆனால் ஓடுகிற வரிக்கு மட்டும்தான், வருஷக் கணக்கு மாதிரி எப்போதாவது ஓடுவது அதில் சிக்காது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் இரட்டைச் சாய்கோடாக்கினால் (முழு எண்ணை மட்டும் தருகிற வகுத்தல்) கமிஷனில் பைசா போய்விடும். மொத்தம் 40 ஃபைல். ஓட்டாமலே எல்லா வகுத்தலையும் வரி எண்ணோடு காட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றுகிற கருவி ஏதாவது தெரியுமா? சொந்தமாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை, கொடுங்கள்.