பத்திரத்தில் எழுதித் தீர்த்துக்கொண்டது விவாகரத்து ஆகுமா?

கேள்வி: ஆம்பூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆம்பூரை அடுத்த ஒரு கிராமத்தில் தாய் வீட்டில் இருந்துகொண்டு, ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்து வருகிறேன். 2016 வைகாசியில் குடியாத்தத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் திருமணம் நடந்தது. அதைப் பதிவு செய்யவில்லை. ஆற்காட்டில் கணவர் வீட்டில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தபின், 2021 இறுதியில் மகளை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். காரணங்களை விரித்துச் சொல்ல விருப்பமில்லை.

மறு ஆண்டு இரு வீட்டுப் பெரியவர்களும் என் தாய்மாமனை முன்னிறுத்திப் பஞ்சாயத்துப் பேசி, முத்திரைத்தாளில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி, நோட்டரியின் கையொப்பமும் பெற்றார்கள். நான் ஒன்றரை லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டதாகவும், இனி ஒருவர்மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்றும், எனக்கோ மகளுக்கோ ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்றும், அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. திருமணத்தில் போட்ட 22 சவரனில் 14 சவரன் திரும்பி வந்தது. மீதி 8 சவரன் அடகில் இருப்பதாகச் சொன்னார்கள். அதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது அவர்கள் வீட்டில் ஆவணியில் அவருக்கு மறுமணம் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். எனக்கும் ஓர் இடம் வந்திருக்கிறது, ஆனால் மாப்பிள்ளை வீட்டார், "கோர்ட்டுத் தீர்ப்பு நகல் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். பத்திரத்தைக் காட்டினால் அது போதாது என்கிறார்கள். என் மாமாவோ, ஊரில் எத்தனையோ பேர் இப்படித்தான் தீர்த்துக்கொண்டார்கள் என்று சொல்கிறார். யார் சொல்வது சரி? நீதிமன்றத்துக்குப் போவதானால் எந்த ஊருக்குப் போக வேண்டும்? பதிவு செய்யாத திருமணத்துக்கு விவாகரத்து வாங்க முடியுமா?

பதில் 1: சத்துவாச்சாரி வழக்குரைஞர்

சகோதரி, மாப்பிள்ளை வீட்டார் சொல்வதுதான் சரி. சட்டத்தின் பார்வையில் நீங்கள் இருவரும் இன்றைக்கும் கணவன் மனைவிதான்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத்தின் தீர்ப்பாணைதான் முறிக்க முடியும். நோட்டரி செய்வது, கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்று உறுதிப்படுத்துவது மட்டுமே; திருமணத்தைச் செய்துவைக்கவோ முறித்துவைக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகமே இதை எல்லா நோட்டரிகளுக்கும் எழுத்து மூலம் நினைவூட்ட நேர்ந்தது என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உங்கள் மாமா சொல்வதிலும் ஒரு நூலளவு உண்மை உண்டு. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வழக்காற்றின்படி செய்யும் விவாகரத்தை விலக்கிவிடவில்லை. ஆனால் அப்படியொரு வழக்காறு தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, இடையறாமல், எல்லோரும் ஏற்ற விதியாக இருந்து வருகிறது என்பதை, அதைச் சொல்கிறவரே மனுவில் குறிப்பிட்டுச் சாட்சியத்தோடு மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலும் அதன்பின்னும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "பக்கத்து வீட்டில் இப்படித்தான் செய்தார்கள்" என்பது வழக்காற்றுக்குச் சான்று ஆகாது. அவர்கள்மீது யாரும் வழக்குப் போடவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று.

இந்த நிலையில் அவர் மறுமணம் செய்துகொண்டால் அத்திருமணம் செல்லாது. நீங்கள் செய்துகொண்டாலும் அப்படியே. முதல் திருமணம் நிலுவையில் இருக்க இரண்டாம் திருமணம் செய்வது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் அது 10 ஆண்டுகள் வரை போகும். பத்திரம் எழுதிய பெரியவர்கள் அப்போது உடன் வந்து நிற்கமாட்டார்கள்.

திருமணத்தைப் பதிவு செய்யாதது உங்கள் மனுவுக்குத் தடையாகாது. பதிவு என்பது சான்று. திருமணம் செல்லுபடியாவது சடங்கினால். அழைப்பிதழ், தாலி கட்டும் புகைப்படம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருப்பது, மண்டபத்துக்குப் பணம் கட்டிய ரசீது ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

எந்த ஊர் என்று கேட்டீர்கள். 2019க்கு முன் என்றால் உங்கள் மூன்று ஊர்களும் ஒரே வேலூர் மாவட்டம். இப்போது திருமணம் நடந்த குடியாத்தம் வேலூரிலும், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஆற்காடு இராணிப்பேட்டையிலும், நீங்கள் வசிக்கும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் இருக்கின்றன. திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றோடு, மனைவி மனுதாரராக இருந்தால் அவர் வசிக்கும் இடத்தையும் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. ஆகவே நீங்கள் வேலூருக்கோ ஆற்காட்டுக்கோ அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு எல்லையுள்ள நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். குடும்பநல நீதிமன்றம் இல்லாத இடங்களில் சார்பு நீதிமன்றம் இம்மனுக்களை விசாரிக்கிறது.

இருவரும் உடன்பட்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் கூட்டு மனுப் போடுவதே நல்லது. ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு எப்போதோ நிறைவேறிவிட்டது. மனுப் போட்டபின் 6 மாதம் காத்திருந்து இரண்டாம் முறை நீதிபதியிடம் உறுதி சொல்ல வேண்டும். பிரிவு ஒன்றரை ஆண்டைக் கடந்திருந்து, சமரச முயற்சி பயனற்றுப் போய், பணம், குழந்தை ஆகிய எல்லாம் பேசி முடிந்திருந்தால் இந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. முதல் மனுவுக்கு ஒரு வாரம் கழித்து அதற்குத் தனி மனுக் கொடுக்கலாம். தளர்த்துவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை.

பதில் 2: வாலாஜா பழைய மனுதாரர்

வழக்குரைஞர் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். நானும் ஒரு முத்திரைத்தாளை நம்பி இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவன். பிறகு விவரம் தெரிந்து மனுப் போட்டபோது, என் மனைவி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டது தெரிந்திருந்தும், அவருடைய பழைய முகவரியையே மனுவில் எழுதினோம். எனக்கு அப்போது அமைந்த வழக்கறிஞர், "சம்மன் திரும்பினால் நமக்குத்தான் நல்லது, எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும்" என்றார். அவர் சொன்னபடியே ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் கிடைத்தது. நான் வீட்டில் இனிப்புக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, தனக்குச் சம்மனே வரவில்லை என்று என் மனைவி மனுப் போட்டார். தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மீண்டும் முதல் வாய்தாவிலிருந்து தொடங்கியது. நல்ல வேளையாக நான் அதற்குள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் சமரச மையத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, கூட்டு மனுவாக மாற்றித்தான் முடித்தோம். முதல் நாளே நேர்மையாக முகவரியைக் கொடுத்து அவரிடம் பேசியிருந்தால் ஓராண்டில் முடிந்திருக்கும் வேலைக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின.

இன்னொன்று, அம்மா. கூட்டு மனுவில் இரண்டாம் முறை உறுதி சொல்லும்வரை எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகையால் பேசிய தொகையைத் தவணையாக்கி, முதல் மனுவன்று ஒரு பங்கும், இறுதி நாளன்று நீதிமன்றத்திலேயே வரைவோலையாக மீதியும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 3: ஆம்பூர் வாசகி

இருவருக்கும் நன்றி. அவர் வீட்டில் பேசிப் பார்த்தோம். கூட்டு மனுவுக்குச் சம்மதம் என்கிறார்கள். ஆனால் மகளுக்கென்று மாதம் ஒரு தொகை கேட்டதும், "அதுதான் பத்திரத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயே" என்கிறார்கள். 8 சவரன் பேச்சை எடுத்தால் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். நான் கையெழுத்திட்டது உண்மைதான். அது என்னைக் கட்டுப்படுத்துமா? வழக்கறிஞருக்குக் கொடுக்க என்னிடம் பெரிய தொகையும் இல்லை.

பதில் 4: சத்துவாச்சாரி வழக்குரைஞர்

மகளின் ஜீவனாம்சம் மகளின் உரிமை. அதை விட்டுக்கொடுக்க அவளுடைய தாய்க்கே அதிகாரம் கிடையாது. ஆகவே அந்த வரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

உங்கள் ஜீவனாம்சத்தில்தான் சற்றுக் கவனம் வேண்டும். சட்டம் தந்த ஜீவனாம்ச உரிமையை ஒப்பந்தத்தால் பறிப்பது பொதுக்கொள்கைக்கு முரணானது என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆனால் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக வந்திருக்கும் விதியில், கணவனும் மனைவியும் ஒருமித்த சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஓர் உட்பிரிவு உண்டு. விவாகரத்துக்குச் செல்லாத அந்தப் பத்திரத்தையே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதற்குச் சான்றாக நீட்டுவார். அதனால்தான், எந்தச் சூழ்நிலையில் கையெழுத்திட்டீர்கள், யார் யார் இருந்தார்கள், பணம் உண்மையில் யார் கைக்குப் போனது என்பதையெல்லாம் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். விவாகரத்துத் தீர்ப்பு வந்தபின், மறுமணம் செய்யாதவரை அந்த விதியில் "மனைவி" என்ற சொல் உங்களையும் குறிக்கும் என்பது வேறு.

மகளுக்கான மனுவை நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், இருவரும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டையும் மறைக்காமல் வையுங்கள். தொகை, மனுச் செய்த நாளிலிருந்து கணக்கிடப்படும். அவர் கட்டத் தவறினால், நிலுவையான ஓராண்டுக்குள் வசூலுக்கு மனுச் செய்ய வேண்டும். பலர் இந்தக் காலக்கெடுவை விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

நகைக்கு வருகிறேன். திருமணத்தில் உங்களுக்குப் போட்டது உங்கள் சீதனம். அதற்கு நீங்களே முழு உரிமையாளர், கணவர் வீட்டார் அதைக் காத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதித்துறை நடுவர் அதைத் திருப்பித் தர உத்தரவிடலாம். திருப்பித் தராமல் வைத்திருப்பது தொடர் குற்றம் என்பதால் காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் எளிதில் நிற்காது என்பது 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நகைக்கடை ரசீது இல்லையென்றாலும் திருமண வீடியோவும், சீர்வரிசை எழுதிய நோட்டும் உதவும். எனினும், இதை வழக்காக்குவதற்கு முன், கூட்டு மனுவின் உடன்படிக்கையில் 8 சவரனையும் ஒரு பத்தியாகச் சேர்க்கப் பாருங்கள். ஆவணி முகூர்த்தம் அவர்களுக்குத்தான் அவசரம். பேரத்தில் அந்த அவசரம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கட்டணத்துக்காகத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகத்தைக் கேளுங்கள். ஆதார் நகலும், அந்தப் பத்திரத்தின் நகலும் எடுத்துச் செல்லுங்கள். அசலை எவரிடமும் கொடுக்காதீர்கள்.

பதில் 5: மேல்விஷாரம் ஆசிரியர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் முஸ்லிம் சமூகத்திலும் இதே தவறு வேறு வடிவத்தில் நடக்கிறது. மனைவி கோரும் குலா விவாகரத்துக்குத் தனியார் அமைப்புகள் சான்றிதழ் எழுதித் தருகின்றன. அதற்கு அதிகாரம் அவற்றுக்கு இல்லை, குடும்பநல நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சான்றிதழை மட்டும் நம்பியிருக்கும் சகோதரிகள் யாரேனும் இதைப் படித்தால் கவனத்தில் கொள்ளட்டும்.

பதில் 6: ஆம்பூர் வாசகி

நேற்று அரை நாள் விடுப்பெடுத்துச் சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போய் வந்தேன். பேர், விவரம் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழ் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: கூட்டு மனுவில் தீர்ப்பு வந்தால், மறுமணத்துக்கு அதன்பின்னும் காத்திருக்க வேண்டுமா?

பதில் 7: சத்துவாச்சாரி வழக்குரைஞர்

வழக்காடிப் பெற்ற தீர்ப்பானால் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இருவர் சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் அந்தக் காத்திருப்பும் இல்லை. தீர்ப்பன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து, இரண்டு படிகளாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைப் புது வீட்டாருக்குக் காட்டலாம், மற்றொன்று அந்த டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும்.