டேட்டா அனலிடிக்ஸ் மேற்படிப்பு: படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டை. பி.காம் முடித்துவிட்டு டவுணில் ஒரு பாத்திரக் கடையில் 3 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன்.

போன மாதம் பழைய பில்களையும் இருப்பு நோட்டையும் எக்ஸெலில் ஏற்றி மாதவாரியாகப் பிரித்தேன். கல்யாண மாதமான தையிலும் ஆவணியிலும் குத்துவிளக்கு இருப்பு பூஜ்யம். ஆடியிலோ சுற்றிய தாள்கூடப் பிரிக்காமல் பரண் நிறைய விளக்கு. முதலாளியிடம் காட்டினேன், ஆர்டரையே மாற்றிவிட்டார். அன்றிலிருந்து இப்படித் தகவல்களை அலசிப் பார்க்கும் டேட்டா அனலிடிக்ஸை முறையாகப் படிக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடிக்கிறது.

எம்.எஸ்சி என்றால் புள்ளியியலும் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியும் அதிகம். எம்பிஏ பிசினஸ் அனலிடிக்ஸ் என்றால் நிதி, மார்க்கெட்டிங் எல்லாம் சேர்ந்து வரும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. கல்கத்தா ஐஐஎம், ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), கரக்பூர் ஐஐடி மூன்றும் சேர்ந்து நடத்தும் 2 வருஷப் படிப்பு மேல் ஆசைதான். ஆனால் அப்பாவைத் தனியே விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது.

தமிழ்நாட்டு எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி நம்ம பக்கமே சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பி.காம் கணக்கு அறிவு போதுமா? வேலையை விடாமல் படிக்க வழி உண்டா? அப்புறம், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல் மொழியை இப்போதே தொடங்கலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.