15 வருடம் நின்ற 1949 பென்ட்லி மார்க் 6: முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன செய்யணும்?

கொட்டகைக்கார் எழுதியது:

வணக்கம். வண்டி 1949 பென்ட்லி மார்க் 6, கம்பெனி ஸ்டீல் பாடி, 4257 சிசி ஆறு சிலிண்டர். சுமார் 15 வருடமாக ஓட்டுக் கொட்டகையில் நிற்கிறது. நிறுத்தும்போது நல்ல ஓட்டத்தில் இருந்த வண்டிதான். இப்போது ரேடியேட்டரில் பாதித் தண்ணீர், செம்மண் நிறம். ஆயில் தார் மாதிரி. டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை. பேட்டரி கிடையாது. இன்ஜின் சுற்றுகிறதா என்று இன்னும் கை வைக்கவில்லை.

பிளக் துளையில் டீசல் ஊற்றி, புது பேட்டரி போட்டு ஒரு அடி அடித்தால் கிளம்பிவிடும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். சரியா? ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் ஊற்றலாமா? இன்னொன்று, தள்ளும்போது பிரேக் மிதித்தால் பிடிப்பே இல்லை. சர்வோ (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் கருவி) போய்விட்டதா?

---

டேப்பெட் எழுதியது:

ஸ்டார்ட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் சார். இந்த இன்ஜினில் இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். இரண்டையும் ஒரே கேம் ஷாப்ட்தான் தள்ளுகிறது. இன்லெட் வால்வு மூடியபடி ஒட்டியிருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் வேகத்துக்குப் புஷ்ராட் (கேமிலிருந்து மேலே போகும் தள்ளுகம்பி) வளைந்துவிடும். திறந்தபடி ஒட்டியிருந்தால் புஷ்ராட் ராக்கரை (வால்வை அழுத்தும் நெம்புகோல்) விட்டு நழுவும்.

எக்ஸாஸ்ட் பக்கம் வேறு கதை. எந்த நிலையில் இன்ஜின் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரிலாவது எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும். மழைக்காலத்து ஈரம் சைலன்சர் குழாய் வழியாக நேரே அந்த சிலிண்டருக்குள் போகும். துரு அங்கேதான் அதிகம்.

முதலில் ராக்கர் கவரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு இன்லெட் வால்வுத் தண்டின் மேல்முனையிலும் சுத்தியலின் மரப்பிடியை வைத்து அழுத்துங்கள். ஸ்பிரிங் அமுங்கி உடனே திரும்பி வந்தால் நல்லது. பிறகு ஆறு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு 30 முதல் 40 மில்லி வரை அசிட்டோனும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, நான்கு நாள் விடுங்கள். இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்றணும். பெயிண்டில் ஒரு சொட்டு பட்டாலும் அசிட்டோன் தின்றுவிடும், விங்கின் (மட்கார்டு) மேல் கனத்த துணி போடுங்கள். டீசல் தப்பில்லை, ஆனால் ரிங் பள்ளத்துக்குள் அந்த அளவு இறங்காது.

சுற்றிப் பார்க்கப் பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நாலாவது கியர் போட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை கொடுக்க மறக்க வேண்டாம். ஆக்சில் விகிதம் 3.727. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் தூக்கிய சக்கரம் ஒரு சுற்று வந்தால் இன்ஜின் சுமார் 1.86 சுற்று வரும். இரண்டு பக்கமும் அசைத்து அசைத்துப் பாருங்கள். எங்காவது இடித்து நின்றால் அங்கேயே நிறுத்தணும். பைப் மாட்டி நெம்பக் கூடாது.

---

சம்ப்வாஷர் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆயிலைப் பற்றி யாரும் பேசலையே. இந்த 4¼ லிட்டர் இன்ஜினில் ஆயில் பில்டர் பைபாஸ் வகை. ஆயிலில் ஒரு பங்குதான் பில்டர் வழியாகப் போகும், மீதி நேரே பேரிங்குக்கு. முழு ஆயிலும் பில்டர் வழியாகவே போகும் ஏற்பாடு 1951ல் 4½ லிட்டர் இன்ஜினோடுதான் வந்தது. அதனால் உங்கள் சம்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் கெட்டிச் சேறு கண்டிப்பாக இருக்கும்.

பழைய ஆயிலை வடித்துவிட்டு டிடர்ஜென்ட் உள்ள புது மல்டிகிரேடு ஆயிலை ஊற்றி ஓட்டினால் என்ன ஆகும்? அந்த ஆயில் சேற்றைக் கரைத்துக் கிளப்பும். கிளம்பிய சேறு பம்பின் ஜல்லடையை அடைக்கும். மீட்டரில் பிரஷர் விழுவதைப் பார்த்து நீங்கள் ஆப் செய்வதற்குள் பேரிங் போய்விடும். சம்பை இறக்கி, சுரண்டி, ஜல்லடையை மண்ணெண்ணெயில் கழுவாமல் இந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஒரு நாள் வேலை, ஒரு கேஸ்கெட் செலவு. கிராங்க் பின்னுக்குள்ளும் சேறு தங்கும் பொந்துகள் உண்டு. அது இன்ஜினை முழுக்கப் பிரிக்கும்போது பார்க்கிற வேலை, இப்போது வேண்டாம்.

ஸ்பானர் விஷயம் ஒன்று. போல்ட் பெரும்பாலும் பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் மரை. மில்லிமீட்டர் ஸ்பானர் சில இடத்தில் பொருந்துகிற மாதிரி தெரியும், முனையை மழுக்கிவிடும். அதற்கேற்ற விட்வொர்த் ஸ்பானர் செட் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

---

கொட்டகைக்கார் எழுதியது:

நன்றி. நான்கு நாள் ஊறவைத்து, சொன்னபடி சக்கரத்தைத் திருப்பினேன். இன்ஜின் இரண்டு முழுச் சுற்று வந்தது, இடிப்பு இல்லை. இன்லெட் வால்வு ஆறும் நன்றாக அமுங்குகிறது. டேப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே நின்று தள்ளும் துண்டு) கவரைத் திறந்ததில் 6வது சிலிண்டர் எக்ஸாஸ்ட்டில் மட்டும் டேப்பெட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு விரல்நகம் போகிற இடைவெளி. மற்ற ஐந்தும் சாதாரணம்.

---

டேப்பெட் எழுதியது:

அந்த வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கிறது. கேம் இறங்கும்போது டேப்பெட் கூடவே இறங்கிவிட்டது, வால்வு இறங்கவில்லை. இடைவெளி அதனால்தான்.

டேப்பெட் அறைப் பக்கமிருந்து வால்வுத் தண்டு அதன் கைடுக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் துரு இளக்கும் எண்ணெயைக் காலை மாலை விடுங்கள். இடையிடையே சக்கரத்தைத் திருப்பினால் கேம் வால்வைக் கொஞ்சம் மேலே தூக்கும், ஸ்பிரிங் கீழே இழுக்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் இளக்கும், சுத்தியல் அல்ல. ஒரு வாரம் கொடுங்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் பொறுமையாகத் தொடரலாம். அப்படியே நின்றால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆகணும்.

ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இடையில் வெள்ளைத் தூளாக அரிப்பு கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டட் துளைகளில் ஒரு வாரம் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். கேஸ்கெட் இடுக்கில் உளியோ ஸ்க்ரூ டிரைவரோ செருகி நெம்பினால் ஹெட்டின் முகம் கெடும், பிறகு வெல்டிங், மெஷினிங் என்று போகும்.

---

செம்புக்குழாய் எழுதியது:

மிச்சக் கேள்விகளுக்கு வருகிறேன்.

தண்ணீர்: கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டி மாதிரி இருக்கிறது. பிளாக்கின் பின்கோடியில், 5, 6வது சிலிண்டரைச் சுற்றித்தான் துருச்சேறு படியும். ரேடியேட்டரை மட்டும் கழுவினால் அது அசையாது. கோர் பிளக்கை (பிளாக்கின் தண்ணீர் அறையை மூடும் தகடு) கழற்றி, கம்பியால் குத்திக் கிளறி, எதிர்த்திசையில் தண்ணீர் அடியுங்கள். காஸ்டிக் சோடா பக்கமே போக வேண்டாம், அலுமினிய ஹெட்டைக் கரைத்துவிடும். கடைசியில் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட், மூன்றில் ஒரு பங்கு போதும். உறைபனிக்காக அல்ல, அரிப்பைத் தடுக்க. பழைய வகைப் பச்சை அல்லது நீலம் வாங்குங்கள். ஓஏடி என்ற புதுவகைக் கூலன்ட் ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்புக்கு ஒத்துவராது.

பெட்ரோல்: முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கைத் தொடவே வேண்டாம். இரண்டு லிட்டர் கேனில் புது பெட்ரோல், தனி ஹோஸ், அவ்வளவுதான். 82 லிட்டர் டேங்கைப் பிறகு இறக்கிக் கழுவலாம். ஈ20 ஊற்றினால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறி உள்பக்கம் உரியும், ஷெல்லாக் பூசிய இணைப்புகள் கசியும், ஏனென்றால் ஷெல்லாக் எத்தனாலில் கரையும். ஹோஸ் எல்லாவற்றையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவையும் மெலிந்துவிடும், எஸ்யூ கம்பெனி கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்ட ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டிவரும். சோதனை எளிது: சூடான ஐடிலிங்கில் கார்பரேட்டரின் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணைந்தால் குறைவு, லேசாக ஏறி இறங்கினால் சரி. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஈ20யை டேங்கில் விடாதீர்கள், ஈரத்தை இழுத்துத் தண்ணீராக அடியில் பிரியும்.

பேட்டரி: 12 வோல்ட், ஆனால் பாடியோடு சேர்வது பாசிட்டிவ் முனை. எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் மாற்றி மாட்டுவார், பக்கத்திலேயே நில்லுங்கள். எலக்ட்ரானிக் எஸ்யூ பெட்ரோல் பம்ப் வாங்கினால் பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

பிரேக்: சர்வோ போகவில்லை. இது வேக்குவம் சர்வோ அல்ல. கியர்பாக்ஸ் ஓட்டத்தில் சுற்றும் உராய்வுத் தட்டு, வண்டி உருண்டால்தான் உதவும். கையால் தள்ளும் வேகத்தில் மிதி கல்லாகத்தான் இருக்கும், கொட்டகைக்குள் ஏற்றும்போது ஹேண்ட் பிரேக்கில் கை இருக்கட்டும். ஆனால் நீங்கள் சொல்வது மிதி சும்மா இறங்குவது என்றால் வேறு கோளாறு, முன்பக்க ஹைட்ராலிக்கில் லீக் இருக்கலாம். முன்சக்கரம் ஹைட்ராலிக், பின்சக்கரம் கம்பி. முன் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் இரண்டையும் பார்க்காமலே மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கினால் பிரஷர் போகும், திரும்பாது, டிரம் சூடாகும். பிரேக் ஆயில் டாட் 4 தரம் போதும், சிலிக்கான் டாட் 5ஐ அதோடு கலக்காதீர்கள். ஓடும்போதும் பிரேக் மந்தம் என்றால் கியர்பாக்ஸ் ஆயில் கசிந்து சர்வோ லைனிங்கை நனைத்திருக்கும்.

---

சம்ப்வாஷர் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. ஸ்டார்ட் செய்யும் நாளில் பிளக் இல்லாமலேயே முதலில் சுற்றுங்கள். 10 விநாடி சுற்றல், ஒரு நிமிடம் ஓய்வு. ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக், பெட்ரோல் எல்லாம். நான்கைந்து தடவையிலும் முள் அசையாவிட்டால் பம்ப் காற்றுப் பிடித்திருக்கும், ஆயில் ஊற்றிப் பிரைம் செய்யணும். சூடான பிறகு ஓட்டத்தில் முள் சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டுக்குப் பக்கத்தில் நின்றால் நிம்மதி. முதல் ஆயிலை 100 கிலோமீட்டருக்குள் வடித்து, வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். செம்மண் துகள் வந்தால் துரு, பளபளத் துகள் வந்தால் பேரிங்.