மே மாதம் ஸ்காட்லாந்து: வயசான அப்பா அம்மா, பிள்ளைகளோடு கோட்டையும் கிளாம்பிங்கும் சரிப்படுமா?

கோபி_வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் வணக்கமுங்க. தங்கச்சியும் மாப்பிள்ளையும் கிளாஸ்கோவில் இருக்கிறார்கள். மே மாதம் பள்ளி லீவில் அப்பா, அம்மா, வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வார நாளில் வேலை, அதனால் வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்புகிற மாதிரியான சின்னப் பயணங்கள்தான் முடியும். "கிளாம்பிங் போகலாம்ண்ணா, காட்டுக்குள் மரக்குடில், பக்கத்திலேயே கோட்டை" என்கிறாள் தங்கச்சி. பெரியவனுக்கு ஒன்பது வயது, சங்ககிரி மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனதிலிருந்து எந்நேரமும் கோட்டைப் பேச்சுதான். சின்னவளுக்கு ஆறு.

என் கவலையெல்லாம் பெரியவர்களைப் பற்றித்தான். அம்மாவுக்கு முட்டி வலி, ராத்திரியில் அடிக்கடி எழுந்திருப்பார்கள். அப்பா தோட்டம், மாடு என்றே இருந்தவர், வெறும் கட்டடமாகக் காட்டினால் அரை நாளில் சலித்துவிடும். இரண்டு பேரும் சுத்த சைவம். எடின்பரோ, ஸ்டர்லிங், லாக் நெஸ் ஏரிக்கரையில் ஒன்று, கடலை ஒட்டிப் பாலம் போட்ட ஐலன் டோனன் என்று தங்கச்சி அனுப்பிய கோட்டைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அந்தக் குளிரில் வயசானவர்கள் குடிலில் படுக்க முடியுமா? ஏதோ பூச்சிக்கடி பொறுக்க முடியாது என்கிறார்களே, அது உண்மையா? போய் வந்தவர்கள் சொல்லுங்க.

பெருந்துறை_டு_ஸ்டர்லிங்:

நம்ம பக்கத்து ஆளுங்களா, சந்தோசம். நான் பெருந்துறை, இப்போது குடும்பத்தோடு ஸ்டர்லிங்கில் குடியிருக்கிறேன்.

முதல் வேலையாகப் பட்டியலில் பாதியை அடியுங்க. ஐலன் டோனனுக்கு கிளாஸ்கோவிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், லாக் நெஸ் கரையிலுள்ள அர்க்கார்ட் கோட்டைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். வெள்ளி சாயங்காலம் கிளம்பி அங்கே போனால் பெரியவர்கள் கண்டது காரின் முன் சீட்டாகத்தான் இருக்கும். அதிலும் ஐலன் டோனன் 1719-இல் இடிக்கப்பட்டு, 1912-க்கும் 1932-க்கும் இடையில் திரும்பக் கட்டியது. படத்தில் அவ்வளவு அழகு, மறுக்கவில்லை, ஆனால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

ஸ்டர்லிங் பக்கத்தில் ஒரே இடத்தில் தங்குங்க, ஒரு நாளைக்கு ஒரு கோட்டை போதும். ஸ்டர்லிங் கோட்டையில் நாலாம் ஜேம்ஸ் கட்டிய பெரிய மண்டபம் இருக்கிறது, 1503 வாக்கில் முடிந்தது, வெளிச்சுவர் முழுக்க இளமஞ்சள் சுண்ணாம்பு பூசியிருப்பதால் தூரத்திலிருந்தே தெரியும். ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு 1543-இல் இந்தக் கோட்டையில்தான் முடிசூட்டினார்கள், அப்போது அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம். இதைச் சொன்னால் உங்கள் சின்னவள் கேள்வி கேட்டே உங்களைக் களைத்துவிடுவாள். அரண்மனை அறைகளில் அந்தக் காலத்து உடை போட்ட ஆட்கள் நின்று கதை சொல்வார்கள், கீழே நிலவறையில் பிள்ளைகள் தொட்டு விளையாட ஏற்பாடு உண்டு. தரை கல் பாவியது, ஏற்றமும் இருக்கிறது, அம்மாவை மெதுவாக நடத்திக் கூட்டிப் போங்க. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் விலை குறைவு.

அடுத்த நாள் டவுன் (Doune) என்ற ஊரிலுள்ள கோட்டை, ஸ்டர்லிங்கிலிருந்து 13 கிலோமீட்டர்தான். பதினாலாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பனி பிரபு கட்டியது, சின்னது, கூட்டம் குறைவு, சமையற்கட்டின் அடுப்பு மட்டுமே ஓர் அறை அளவுக்கு இருக்கும். மேலே போகிற படி குறுகலாகச் சுழன்று ஏறும். அம்மா கீழேயே இருக்கட்டும், வெளியே டீத் ஆற்றங்கரைப் பக்கம் புல்வெளி இருக்கிறது. பையனை மேலே ஏற்றி விடுங்க.

குடில் விசயத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா என்பதுதான். கிளாம்பிங் என்று போட்டிருப்பதில் எல்லாம் அடங்கும்: துணிக் கூடாரம், யர்ட் என்ற வட்டக் கூடாரம், ஆட்டிடையர் வண்டி மாதிரியான குடில், பாட் என்கிற மர அறை. நிறைய இடங்களில் கழிப்பறை பொதுவாகத் தள்ளி இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரப் புல்லில் டார்ச்சோடு அம்மாவை நடக்க வைக்க முடியாது. பாட் வகையில் குளியலறை, ஹீட்டர், கெட்டில், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கிற மாதிரி கிடைக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு பாட் அறையில் பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு பேர்தான். தங்கச்சி வீட்டாரையும் சேர்த்தால் எட்டுப் பேர் ஆகிறீர்கள், அடுத்தடுத்து இரண்டு மூன்றாகப் பதிவு செய்யுங்க. மே முதல் திங்களும் கடைசித் திங்களும் இங்கே அரசு விடுமுறை, அந்த வாரக்கடைசிகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும்.

திருப்பூர்_நொய்யல்:

மேலே அண்ணன் சொன்னதில் கழிப்பறை சமாச்சாரம் நூற்றுக்கு நூறு. ஒரு சொம்பும் கையோடு இருக்கட்டும், அங்கே காகிதம் மட்டும்தான்.

பூச்சிக்கு மிட்ஜ் என்று பெயர். கொசுவை விடச் சின்னது, கூட்டமாக வந்து மொய்க்கும், நோய் எதுவும் பரப்பாது, ஆனால் அரிப்பு அரிப்புதான். மே பாதிக்கு மேல்தான் தலை காட்ட ஆரம்பிக்கும், ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் ஆட்டம். காற்று அசையாத, மேகம் போட்ட காலையும் சாயங்காலமும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தாலே அதனால் பறக்க முடியாது. அதனால் காற்று வருகிற மேட்டுப்பக்கம் இருக்கிற குடிலாகப் பாருங்க, ஏரியை ஒட்டிய மரத்தடி வேண்டாம். நீங்கள் மே முதல் பாதியில் போகிறீர்கள் என்றால் இதற்காக ஒரு ராத்திரி கூடத் தூக்கம் கெட வேண்டியதில்லை, ஏப்ரலும் மேயும் அங்கே மழையும் குறைவான மாதங்கள். மிட்ஜை விட உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும். உயரமான புல்லில் பிள்ளைகள் ஓடிவிட்டு வந்தால் ராத்திரி கால்களிலும் முட்டிக்குப் பின்னாலும் பாருங்க, உண்ணி கடித்தால் லைம் காய்ச்சல் வர வாய்ப்புண்டு.

சாப்பாடு: ரசப்பொடி, பருப்புப்பொடி, காய்ந்த மிளகாய் தாராளமாகக் கொண்டு போகலாம். நெய், பால்கோவா, பன்னீர் மாதிரிப் பால் சாமான் எதுவும் நம் ஊரிலிருந்து கொண்டு போகக் கூடாது, அங்கே சட்டப்படி தடை. நெய் கிளாஸ்கோவிலேயே வாங்கிக்கொள்ளுங்க. குடிலுக்குள் கடுகு மிளகாய் தாளித்தால் புகை அலாரம் ஊளையிடும், தாளிப்பை தங்கச்சி வீட்டிலேயே முடித்து டப்பாவில் எடுத்துப் போவது நல்லது.

காருக்கு நம் ஊர் லைசென்ஸ் 12 மாதம் வரை செல்லும், நம்மைப் போலவே இடது பக்கம்தான். கிராமத்துப் பாதைகள் ஒற்றைத் தடம். இடையிடையே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள், எதிரே வண்டி வந்தால் இடது பக்க ஒதுக்கத்தில் நுழைந்து நில்லுங்க, ஒதுக்கம் வலது பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நம் பக்கத்திலேயே நின்றால் எதிராளி அதில் ஒதுங்கிக்கொள்வார். அதில் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம் வரும் வரை தனி இருக்கை கட்டாயம், இரண்டு பேருக்கும் சொல்லி வையுங்க.

கோவை_சிறுவாணித்தண்ணி:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்துங்க. முட்டி வலிக்காரரையும் வயசானவரையும் எதற்குக் குடிலில் படுக்க வைக்கணும்? மே மாதத்தில் கூட அங்கே ராத்திரி ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும், பகலில் பதினைந்து வந்தாலே நல்ல வெயில் என்பார்கள். கோபியில் நாற்பதைத் தொடுகிற வெயிலிலிருந்து நேராக அங்கே. தங்கச்சி வீட்டில் படுத்துக்கொண்டு தினமும் போய் வரலாமே. கிளாஸ்கோவிலிருந்து ஸ்டர்லிங் ரயிலில் அரை மணி, முக்கால் மணி. எடின்பரோ ஒரு மணிக்குள். எடின்பரோ கோட்டையில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் சரியாக ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், பையனுக்கு அது ஒன்றே போதும். வார நாளில் மாப்பிள்ளை இல்லாமலே நீங்கள் போய்விடலாம்.

இன்னொன்று, லாக் கேட்ரின் ஏரிக்குப் போய்ப் படகில் ஏறுங்க. 1859-லிருந்து கிளாஸ்கோ நகரமே குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஏரியைப் பார்த்தால் நின்று பார்க்கத் தோன்றும்.

பெருந்துறை_டு_ஸ்டர்லிங்:

கோவைக்காரர் சொல்வது எடின்பரோவுக்குச் சரி, அங்கே குடில் தேவையில்லை. ஆனால் ஒரு வாரக்கடைசியாவது வெளியே படுக்க வேண்டும். மே நடுவில் இங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், அதற்குப் பிறகும் வானம் வெகுநேரம் வெளுத்தே கிடக்கும். அந்த நேரம் பகலில் வந்து திரும்புகிறவர்களுக்குக் கிடைக்காது. ஹீட்டர் உள்ள பாட் அறையில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லைங்க, கம்பளிக் காலுறையும் குல்லாவும் இருந்தால் போதும். அப்பாவுக்காகவும் சொல்கிறேன்: பண்ணையிலேயே குடில் போட்டு வாடகைக்கு விடுகிற விவசாயிகள் இங்கே நிறையப் பேர். மலைப்பக்கப் பண்ணைகளில் ஏப்ரல், மே மாதம்தான் ஆடு குட்டி போடுகிற காலம். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு பட்டிப் பக்கம் போனால் அப்பா சாப்பாட்டுக்குக் கூட வர மாட்டார்.

காங்கேயம்_பட்டி:

அப்பாவுக்கு ஹைலேண்ட் மாட்டைக் காட்டாமல் கூட்டி வந்துவிடாதீங்க. முன்நெற்றி மயிர் கண்ணை மறைக்கும், கொம்பு இரண்டு பக்கமும் அகலமாக விரிந்திருக்கும். மேலே முரட்டு மயிர், உள்ளே மெல்லிய மயிர் என்று இரண்டு அடுக்கு, அதனால்தான் மழையிலும் பனியிலும் வெளியிலேயே நிற்கிறது. 1885-லேயே இந்த இனத்துக்கு வம்சாவளிப் பதிவேடு போட்டுவிட்டார்கள். நம் காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறுவதை அங்கேயுள்ள பண்ணைக்காரரிடம் அப்பா சொல்லட்டும், மாப்பிள்ளை மொழிபெயர்க்கட்டும். இரண்டு மாட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. கன்றோடு இருக்கிற தாய்மாட்டின் பக்கம் மட்டும் பிள்ளைகளை விட வேண்டாம்.

சங்ககிரி_அடிவாரம்:

பையன் சங்ககிரி பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். தீரன் சின்னமலை திப்புவோடு சேர்ந்து நின்று, பிறகு 1805-இல் நம் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது அவனுக்குத் தெரிந்திருக்கும். 1799 மே 4-ஆம் தேதி திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேல் பாய்ந்த பிரிட்டிஷ் படையை நடத்தியவர் டேவிட் பெயர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர், அதற்கு முன் அதே ஊரில் மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர். அவருக்கு அவர் மனைவி எழுப்பிய நினைவுத்தூண் கிரீஃப் ஊருக்குப் பக்கத்துக் குன்றில் நிற்கிறது, ஸ்டர்லிங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திப்பு வீழ்ந்த பிறகுதான் நம் சீமை முழுக்க பிரிட்டிஷார் கைக்குப் போனது. பையனுக்கு அந்தத் தூணடியில் நின்று இதைச் சொல்லுங்க.

சேலம், பாரமகால் பக்கம் 1792-லிருந்து நிலம் அளந்து வரி போட்ட தாமஸ் மன்றோவும் கிளாஸ்கோவில் பிறந்தவர்தான், 1761-இல். பிறகு சென்னை கவர்னர் ஆனார்.

வடக்கே இன்வர்னஸையும் தாண்டி ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலைப் போலவே ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். 1781-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்த ஹெக்டர் மன்றோ, அங்கே தன் ஊரில் பஞ்சத்தில் இருந்தவர்களுக்குக் கூலி வேலையாக அதைக் கட்டச் சொன்னார். உங்களுக்கு இந்தத் தடவை தூரம் அதிகம், ஏறவும் வேண்டும். மாப்பிள்ளையும் தங்கச்சியும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பட்டும்.

கோபி_வாய்க்கால்மேடு:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். தங்கச்சியிடம் பேசிவிட்டேன். எடின்பரோ வார நாளில் ரயிலில். மே இரண்டாம் வாரக்கடைசி ஸ்டர்லிங் பக்கம் பண்ணைக் குடில், சனி ஸ்டர்லிங் கோட்டை, ஞாயிறு காலை டவுன் கோட்டை, திரும்பும் வழியில் நேரம் இருந்தால் லாக் கேட்ரின். பெயர்டு தூணைப் பற்றிப் பையனிடம் சொன்னதும் சனிக்கிழமையே அங்கே போக வேண்டும் என்று நிற்கிறான், அதைச் சாயங்காலத்துக்கு வைத்திருக்கிறோம், வெளிச்சம்தான் ஒன்பது மணி வரை இருக்கிறதே. ஐலன் டோனனை விட்டதில் தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெருந்துறை அண்ணா, ஆட்டுக்குட்டி இருக்கிற பண்ணை ஒன்றிரண்டு தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்க, கழிப்பறை உள்ளேயே இருக்கிறதா என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

பெருந்துறை_டு_ஸ்டர்லிங்:

அனுப்பிவிட்டேன் பாருங்க. இரண்டாவது பண்ணையில் படியே இல்லாத குடில் ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு அதைக் கேளுங்க.