நியூசிலாந்து தென் தீவு: ஏப்ரல் கடைசியில் 12 இரவு, அப்பா அம்மா, 6 வயதுப் பையனோடு. இந்தத் திட்டம் தாங்குமா?

வேளச்சேரி_ஜன்னல்சீட்

வணக்கம். ஸ்கூல் லீவை ஒட்டி ஏப்ரல் 19 கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி மே 1 அங்கிருந்தே திரும்புவதாக எண்ணம். நாங்கள் இருவர், பையன், அப்பா (68), அம்மா (64). அம்மாவுக்கு முட்டிவலி, ஒரு மணி நேரம் சமதளத்தில் நடப்பார். எல்லோரும் சைவம். கார் நான் மட்டும்தான் ஓட்டுவேன்.

போட்டு வைத்திருப்பது: டெகாப்போ 1 இரவு, குயின்ஸ்டவுன் 3 (அதில் ஒருநாள், மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் மில்ஃபோர்ட் சவுண்ட் போய்த் திரும்புவது), டனீடின் 2, வனாக்கா 1, ஃபிரான்ஸ் ஜோசப் 1, கைகோரா 2, மிச்சம் கிறைஸ்ட்சர்ச். கேம்பர்வேன் எடுத்தால் ஹோட்டல் செலவு மிச்சம் என்று மைத்துனர் சொல்கிறார். டிக்கெட் இன்னும் போடவில்லை. சிட்னி வழி கொஞ்சம் மலிவாக வருகிறது. எதை வெட்டலாம், எதை மாற்றலாம்?

மலைப்பாதை_மணி

டனீடின், கைகோரா இரண்டையும் வெட்டுங்கள். இரண்டும் நல்ல ஊர்தான். ஆனால் ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே, நடுவில் மலையைத் தாண்டி மேற்குக் கரை. ஒற்றை டிரைவரை வைத்துக்கொண்டு இத்தனையும் பார்த்தால் காரின் முன்கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள்.

குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் ஒரே நாளில் போய்வருவது இன்னும் பெரிய தப்பு. ஒரு வழி 288 கி.மீ., நிற்காமல் போனாலே நாலு மணி நேரம். கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த கடிகாரத்தை ஏப்ரல் முதல் ஞாயிறு அங்கே பழையபடி திருப்பிவிடுவார்கள். மாத இறுதியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. இரண்டு மணி நேரப் படகுச் சவாரியும் சேர்த்தால், திரும்பும் பாதி வழி இருட்டில் வளைந்த மலைச்சாலை. அதற்குப் பதில் டெ அனாவ் ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து மில்ஃபோர்ட் 118 கி.மீ. தான்.

இரண்டு இரவு ஏன் என்றால் மழை. மில்ஃபோர்டில் வருஷத்துக்கு 6,000 மி.மீ.க்கு மேல் பெய்யும்; நம் சென்னையில் 1,400 சொச்சம். லேசான மழை என்றால் அது லாபம், பாறைச் சுவர் முழுக்கத் திடீர் அருவிகள் இறங்கும். கனமழை என்றால் சாலையையே மூடிவிடுவார்கள். கையில் ஒரு நாள் உபரியாக இருந்தால் படகு டிக்கெட்டை அடுத்த நாளுக்குத் தள்ளலாம். தேதி மாற்ற விடுகிற டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.

என் கணக்கு: கிறைஸ்ட்சர்ச் 1, டெகாப்போ 2, குயின்ஸ்டவுன் 2, டெ அனாவ் 2, வனாக்கா 1, ஃபிரான்ஸ் ஜோசப் 2, ஹோகிடிகா 1, ஆர்தர்ஸ் பாஸ் மலைக் கணவாய் வழியாகத் திரும்பி கிறைஸ்ட்சர்ச் 1. மொத்தம் 12. இதில் நீளமான ஓட்டம் வனாக்காவிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக ஃபிரான்ஸ் ஜோசப், கிட்டத்தட்ட 285 கி.மீ. கூகுள் நாலு மணி நேரத்தை ஒட்டிக் காட்டும், நீங்கள் ஆறரை என்று வைத்துக்கொண்டு காலை எட்டரைக்குள் கிளம்புங்கள்.

டெகாப்போவில் இரண்டாம் நாள் மவுண்ட் குக் (3,724 மீ.) போய்வரலாம், ஒரு வழி சுமார் 105 கி.மீ. போகும் வழியில் நெடுந்தூரம் புகாகி ஏரி பக்கத்திலேயே வரும். பனியாறு அரைத்த பாறை மாவு தண்ணீரில் மிதப்பதால்தான் அந்தப் பால் கலந்த நீலம்; வெயில் இருந்தால்தான் எடுப்பாகத் தெரியும். இரவு வானம் தெளிவாக இருந்தால் பையனைத் தூங்க விடாதீர்கள். அந்த வட்டாரம் 2012 முதல் அறிவிக்கப்பட்ட இருள் வானக் காப்பகம், அதாவது நட்சத்திரம் நன்றாகத் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம்.

டயர்_தேய்ந்தவர்

மணி சார் சொன்ன வரிசைதான் சரி. நான் ஓட்டுவது பற்றி மட்டும்.

அங்கேயும் இடது பக்கம்தான், அதனால் பாதிக் கவலை போச்சு. நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் சட்டப்படி அதுவே போதும். ஆனாலும் வாடகை கவுண்டரில் வாக்குவாதம் வேண்டாம் என்றால் ஆர்டிஓவில் சர்வதேச பெர்மிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு ஏழாவது பிறந்தநாள் வரை சைல்டு சீட் கட்டாயம், வண்டியோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். ஐந்து பேர், ஐந்து பெட்டி சாதாரண எஸ்யூவியில் ஏறாது. ஏழு சீட் வண்டி எடுத்துப் பின்வரிசையை மடக்குங்கள். டீசல் வண்டி மலிவாகத் தெரிந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், ஓடுகிற கிலோமீட்டருக்குத் தனிச் சாலைக் கட்டணம் உண்டு.

நம் ஆட்கள் தடுமாறுவது ஒற்றைப் பாலத்தில். மேற்குக் கரை முழுக்க இரண்டு பக்க வண்டிக்கும் ஒரே தடம் உள்ள பாலங்கள். பாலத்துக்கு முன் சிவப்பு வளையம் போட்ட வட்டப் பலகை இருந்து, உங்கள் பக்க அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும். நீலச் சதுரப் பலகையில் உங்கள் அம்பு பெரிசாக வெள்ளையில் இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. ஹெட்லைட்டை அடித்துவிட்டு நுழைகிற நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது.

இரண்டாவது, பின்னால் வண்டி சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். வெளிச்சாலையில் உச்ச வேகம் 100, ஊருக்குள் பெரும்பாலும் 50. நீங்கள் 70-ல் ரசித்துக்கொண்டு போவது தப்பில்லை, பின்னால் பத்து வண்டியை இழுத்துக்கொண்டு போவதுதான் தப்பு.

மூன்றாவது, கதவு. புகாகி ஏரிக்கரையிலும் மலைக் கணவாய்களிலும் திடீர்க் காற்று கார் கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும். கீல் வளைந்தால் முன் மட்கார்டும் சேர்ந்து போகும். பல வாடகை ஒப்பந்தங்களில் இந்தச் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள், ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே திறக்கச் சொல்லுங்கள். பின்சீட்டுப் பையனுக்குச் சைல்டு லாக் போட்டுவிடுவது உத்தமம்.

மில்ஃபோர்ட் சாலையில் பனிச்சங்கிலிக் (பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி) காலம் மே முதல் நவம்பர் வரை. ஏப்ரல் கடைசியிலும் பனி விழலாம், வண்டி எடுக்கும்போதே சங்கிலியைக் கேட்டு வாங்குங்கள். வழியில் 1954-ல் திறந்த ஹோமர் சுரங்கம், 1.2 கி.மீ., உள்ளே இறக்கம் அதிகம். வாசலில் கியா கிளிகள் காத்திருக்கும். கண்ணாடி ஓர ரப்பரைக் கொத்தி உரித்துவிடும், தீனி போட்டு அருகில் வரவழைக்காதீர்கள். டெ அனாவிலேயே டேங்கை நிரப்புங்கள். அதற்கப்புறம் போன் சிக்னலும் போய்விடும், மேப்பை முன்பே இறக்கி வையுங்கள்.

வேளச்சேரி_ஜன்னல்சீட்

இருவருக்கும் நன்றி சார். டனீடின், கைகோரா இரண்டையும் எடுத்துவிட்டேன். கேம்பர்வேன் பற்றி யாரும் சொல்லவில்லையே? சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப் போகலாமா?

அடையாறு_அஞ்சறைப்பெட்டி

தம்பி, முட்டிவலி உள்ள அம்மாவைத் தினமும் வேனில் ஏற்றி இறக்கி, ராத்திரி மடக்குப் படுக்கையில் படுக்க வைக்காதீர்கள். கழிப்பறைத் தொட்டியைக் குறிப்பிட்ட இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதும் உங்கள் வேலைதான். ஏப்ரல் இரவுக் குளிர் வேறு. மைத்துனர் கல்யாணம் ஆகாதவராக இருந்தால் அவருக்கு அது சரி.

சமையலறை உள்ள மோட்டல் அறைகளாகப் பாருங்கள், எல்லா ஊரிலும் உண்டு. அடுப்பு, பாத்திரம், ஃபிரிட்ஜ் இருக்கும். சின்ன எலெக்ட்ரிக் குக்கர் கொண்டு போகலாம். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் சாய்ந்த கால் வடிவம், அதற்கு அடாப்டர் போதும். பெரிய ஊர் சூப்பர்மார்க்கெட்டில் பாஸ்மதி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும். ஃபிரான்ஸ் ஜோசப் பக்கம் கடை சின்னது, வனாக்காவிலேயே மூன்று நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 25 அன்சாக் தினம் (போர்வீரர் நினைவு நாள்), மதியம் ஒரு மணி வரை பெரும்பாலான கடை மூடியிருக்கும்.

பொடி, ஊறுகாய் விஷயத்தில் ஒரே விதி: உணவு எதுவாக இருந்தாலும் பயண அறிவிப்புப் படிவத்தில் 'உண்டு' என்று போடுங்கள். சொன்ன பொருளுக்கு அபராதம் கிடையாது, அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர். தேன், பச்சைக் கறிவேப்பிலை, பழம் தொடவே வேண்டாம். வீட்டு நெய்யும் வம்பு. பையன் ஸ்கூல் பையின் அடியில் கிடக்கும் ஆப்பிள்தான் வழக்கமாக மாட்டும், கிளம்பும்போது கவிழ்த்துப் பாருங்கள். ஷூவின் அடியில் மண் இருந்தாலும் பிடிப்பார்கள், தேய்த்துக் கழுவுங்கள்.

சிட்னி டிக்கெட் மலிவு என்கிறீர்கள். விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலிய டிரான்சிட் விசா வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் ஐந்து பேருக்கும் தனித்தனி விண்ணப்பம். சிங்கப்பூரில் ஏர்போர்ட்டுக்குள்ளேயே ஒரே டிக்கெட்டில் மாறினால் அந்தத் தொல்லை இல்லை, அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானமும் உண்டு.

கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் ஆன் செய்யுங்கள். ஆளில்லாத பெட்ரோல் பங்கில் பின் நம்பர் கேட்கும். வாடகை வண்டியின் முன்பணத்துக்கு டிரைவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், பல இடங்களில் ஃபாரெக்ஸ் கார்டை ஏற்பதில்லை.

மலைப்பாதை_மணி

மேற்குக் கரை பற்றி விட்டுப்போனது. வால்பாறை நனையும்போது உடுமலை காய்ந்து கிடக்குமே, அதே கதைதான் அங்கே. மேகம் மலையில் முட்டி மேற்கே கொட்டும், கிழக்கே வறண்டிருக்கும். ஃபிரான்ஸ் ஜோசபில் இரண்டு இரவு போட்டது அதற்காகத்தான். பனியாற்றின் மேல் நடப்பதற்கு இப்போது ஹெலிகாப்டர் மட்டுமே வழி, மேகம் இறங்கினால் பறக்காது. போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்கே பதிவு செய்தால், ரத்தானாலும் இன்னொரு வாய்ப்பு மிஞ்சும்.

அம்மாவுக்கு ஏற்ற நடை மேத்தசன் ஏரி. ஃபிரான்ஸ் ஜோசபுக்கு அடுத்த ஃபாக்ஸ் ஊரிலிருந்து ஐந்தாறு கி.மீ., முழுச் சுற்று ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் சமதளம்; பாதியில் திரும்பினாலும் ஏரி தெரியும். காட்டுச் சருகின் சாறு ஊறித் தண்ணீர் டிகிரி காபி டிக்காஷன் நிறத்தில் இருப்பதால் மலை கண்ணாடிபோல் விழும். வெயில் ஏறிக் காற்று கிளம்பினால் கலைந்துவிடும், எட்டு மணிக்குள் அங்கே இருங்கள்.

அந்தப் பக்கம் மணல் ஈ என்று ஒரு சின்னக் கடிக்கிற பூச்சி உண்டு, அதற்குக் கொசுவர்த்தி பிரயோஜனமில்லை. பகலில்தான் கடிக்கும், அதுவும் நின்றால். கணுக்காலை மூடுங்கள், டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி மருந்து கலந்த தைலம் தடவுங்கள், போட்டோவுக்கு நிற்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு இறங்குங்கள்.