ஆற்றில் கூண்டு போடலாமா? (குடும்பக் குழு)

மாமா: [படம்] ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆற்றுக்கு வாருங்கள். பாலத்தடியில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் கிரேஃபிஷ், அதுதான் கொடுக்கு வைத்த அந்த ஆற்று இறால். ஆளுக்கொரு கூண்டு போட்டால் ஒரே மாதத்தில் ஒழித்துவிடலாம்.

தம்பி: நான் ரெடி மாமா! கடிக்குமா?

மாமா: முதுகைப் பிடி, கொடுக்கு எட்டாது.

அக்கா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடுக்கு மூட்டில் வெள்ளைத் திட்டு, அடிப்பக்கம் சிவப்பு. சிக்னல் கிரேஃபிஷ்தான்.

சித்தி: இதை யார் கொண்டுவந்து விட்டது?

அக்கா: வட அமெரிக்க இனம், சித்தி. பிரிட்டனில் 1970களில் பண்ணையில் வளர்க்க இறக்கினார்கள். அது ஆற்றுக்குத் தப்பிவிட்டது. ஈரம் இருந்தால் தரையிலும் நடக்கும்.

மாமா: அதனால்தான் பிடிப்போம் என்கிறேன்.

அக்கா: கூண்டில் விழுவது பெரும்பாலும் பெரியவை. குஞ்சுகள் கண்ணி வழியே நழுவிவிடும். பெரியவை குஞ்சுகளைத் தின்னும் மாமா. அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகளுக்குக் கொண்டாட்டம்தான். இங்கிலாந்தில் ஓர் ஓடையின் தண்ணீரையே வடித்து எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கூண்டில் சிக்காத சிறுசுகள்.

மாமா: அப்போ கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா? கரையைப் போய்ப் பார். சல்லடையாக வளை. மண் சரிந்து மரவேர் அந்தரத்தில் தொங்குகிறது.

அக்கா: கோபம் நியாயம்தான். ஆனால் பரவிய ஆற்றில் அதை முற்றிலும் ஒழிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். இன்னும் நுழையாத ஓடைகளைக் காப்பதுதான் புத்திசாலித்தனம்.

சித்தி: இவன் தூண்டில் பூட்ஸோடு போன வாரம் பாலத்தடியில் நின்றான். நேற்று அதே பூட்ஸோடு மேல் ஓடையில்!

அக்கா: அய்யோ, அதுதான் ஆபத்து! கிரேஃபிஷ் பிளேக் என்று ஒரு நோய் உண்டு. அமெரிக்க வகைகள் அதைச் சுமந்துகொண்டு நன்றாகவே வாழும். ஐரோப்பாவின் சொந்த வகைகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். நோய்க்கிருமி ஈரமான பூட்ஸிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். சேறு போகக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகுதான் அடுத்த தண்ணீரில் இறங்க வேண்டும்.

தம்பி: சரி சரி, கழுவுகிறேன். என் தொட்டிக்கு மட்டும் ஒன்று? ஆன்லைனில் பளிங்குக் கோலம் போட்ட மாதிரி அழகாக ஒன்று பார்த்தேன்.

அக்கா: மார்பிள் கிரேஃபிஷா? தொடாதே. எல்லாமே பெண். ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுப் பெருகும். 1990களில் ஜெர்மனியில் தொட்டி வியாபாரத்தில் தலைகாட்டியது, மடகாஸ்கர் வரை போய்விட்டது. வளர்த்து அலுத்துப்போய் யாராவது ஒருவர் குளத்தில் விட்டாலே போதும்.

தம்பி: 😳 வேண்டாம்.

மாமா: நான் செய்துவைத்த கூண்டுகள்?

அக்கா: பிரிட்டனில் அனுமதி இல்லாமல் கூண்டு போடுவதே குற்றம். நீர்நாய் உள்ளே மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். முதலில் ஆற்றைக் கவனிக்கிற துறைக்குப் படமும் இடமும் அனுப்புங்கள். அவர்கள் சொன்னால் போடலாம்.

மாமா: படம் இருக்கிறது. இடத்தை எப்படி அனுப்புவது?

தம்பி: நான் வந்து போட்டுத் தருகிறேன் மாமா. கரையிலேயே நிற்போம்.

சித்தி: அண்ணா, அவனைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பூட்ஸ் இன்னும் காயவில்லை.